கண்ணாடிக் கணவாய்

வைகறை வழிபாட்டை முடித்து எழுந்தபோது கிண்ணியாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "ஐயா, ராத்தா மௌத்தாகிட்டா," என்றார் கலாநிதி நஸீமாவின் தம்பி. நோய் முற்றியதை அறிந்திருந்தும் மனம் நஸீமாவின் இறப்பை ஏற்க மறுத்தது.

நஸீமா அவர்கள் பொறியியல் விரிவுரையாளர். சிலிக்கோனால் வார்த்த மென்மையான எந்திரங்களைச் செய்தவர். அவற்றுள் ஒன்று கணவாய் மீனின் வடிவினது. நீரில் இட்டால் நீராகவே தோன்றும். பாறையில் ஒட்டினால் பாறையின் நிறம் பூணும். சல்லி என்னும் மீனவக் கிராமத்தின் கடலில் கணவாய்கள் முட்டையிடும் இடத்தையும் காலத்தையும் அவை மிரளாமல் அறிவதற்காக அதனைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். மீனவர் இசைவின்றிக் கடலில் இறக்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

இசைவு கோரும் பிரசுரத்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னிடம் எழுதத் தந்தார். "எவர் கண்ணுக்கும் புலனாகாது உலவும்" என்று நான் உவகையோடு எழுதினேன். இறைவனைப் போற்றும் பாடல்களில் ஊறிய எனக்குப் புலனாகாமை என்பது புகழ்மொழி.

சல்லியில் நடந்த கூட்டத்தில் மூத்த மீனவர் துரைசிங்கம் பிரசுரத்தை மடித்துவிட்டு எழுந்தார்.

"மிஸ், நாங்கள் வலை போட்டாலே கொடி கட்டித்தான் விடுறனாங்கள், மற்றவன் பாக்கோணும் எண்டு. கண்ணுக்குத் தெரியாமல் நிக்கிறதுக்குக் கடவுளுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கட சாமானுக்கு ஏலாது."

சிரிப்பெழுந்தது. மற்றவர்களும் எழத் தொடங்கினர்.

"ஆர் இதை எழுதினது?" என்று ஒருவர் கேட்டார். நான் குனிந்து என் பிரசுரப் படியைப் பைக்குள் வைத்தேன்.

"நான்தான்," என்றார் நஸீமா. "பிழையும் என்டதான். எந்த இடத்தில கொடி கட்டணும், நீங்களே சொல்லுங்க."

துரைசிங்கம் மீண்டும் அமர்ந்தார். எந்திரத்தின் வாலில் சிவப்பு நாடா கட்டுவதென்று முடிவாயிற்று.

திரும்பும் வழியில், "உங்கள் உழைப்பை நான் கெடுத்துவிட்டேனே," என்றேன்.

"இல்ல ஐயா. ஆழத்தில சிவப்பு மங்கிடும், கணவாய் மிரளாது. மேல வந்தா அவங்களுக்குத் தெரியும். இத நான் முதலே யோசிச்சிருக்கணும்." பிறகு, "உங்கட தமிழ் நல்ல வடிவு. கணவாய் வாசிச்சா சந்தோசப்படும்," என்றார்.

அவ்வாண்டே ஒரு பாறையடியில் முட்டைக் கொத்துகளை எந்திரம் படம் பிடித்தது. அப்படங்களைக் கண்ட மீனவர்கள், முட்டைக் காலத்தில் அப்பாறையருகே வலையிடுவதைத் தாமாகவே நிறுத்தினர்.

ஜனாஸா நல்லடக்கத்தன்று நஸீமாவின் வீட்டு வாசலில் துரைசிங்கத்தைக் கண்டேன். இத்தனை காலம் மறைத்ததை இனியும் மறைக்க இயலாமல், "அந்தப் பிரசுரம் நான் எழுதினது," என்றேன்.

"அது அண்டைக்கே தெரியும், வாத்தியார். மிஸ் அப்பிடிக் கதைக்கிற ஆளே? அடுத்த ஆளின்ர பிழையைத் தன்ர எண்டு சொன்னாவே, அதைப் பாத்துத்தான் நான் திரும்ப இருந்தனான்."

நஸீமா அவர்களை ஏந்திய சந்தூக்குப் பெட்டி வாசலைக் கடந்தது. நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றோம். அம்மா, என் பிழையை நீங்கள் சுமந்தீர்கள்; உங்கள் தம்பி என்னை அழைத்து, உங்களைச் சில அடி தூரமேனும் சுமக்க என் தோளுக்கு இடம் தந்தார். நன்றியோடு விடை தருகிறேன்.