அரைக் கரண்டி வேப்பெண்ணெய்

குழந்தை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாய்க்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், வேலை பெரும்பாலும் கிள்ளானில். காலையில் ரயில் ஏறுவதற்கு முன்னால், எங்கள் புளோக்குக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். ரயிலில் சிலர் பையைப் பார்த்து, "வீட்ல அம்மையா ஆன்டி?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்காருவார்கள். இல்லை என்று தலையாட்டுவேன். விளக்கம் சொல்ல எனக்கு வராது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, ஆனால் அது காரணமில்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் என் வாய் திறக்காது.

இலையை மஞ்சளோடு பெரிய பானையில் போட்டு, தண்ணீர் நிறம் மாறும்வரை கொதிக்கவிடுவேன். இளஞ்சூட்டுக்கு ஆறியதும் தாயின் உடம்புக்கு ஊற்றுவது. வயிற்றில் தையல் போட்டவர்களுக்கு ஊற்றுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். மிஞ்சிய இலையைக் காயவைத்து அரிசி டின்னில் போட்டால் வண்டு அண்டாது. சாயங்காலம் கொசுவுக்குச் சருகு போட்டு வாசலில் புகை காட்டுவேன். எண்ணெய் மட்டும் எனக்கு. கற்பூரம் போட்டுச் சூடாக்கி முழங்காலில் தேய்த்துக்கொள்வேன். ஒரு சின்னப் போத்தல் எப்போதும் பையில் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வேலை. குழந்தைக்கு அன்று பன்னிரண்டாம் நாள். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாய் குளித்துவிட்டு நல்ல தூக்கம். தகப்பனுடைய அக்கா பந்திங்கிலிருந்து வந்து இரண்டு நாளாகத் தங்கியிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கலகலப்பான ஆள். குழந்தைக்கு மூக்கு அடைத்து, நெஞ்சில் சளி கறகறவென்று கேட்டது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"பிள்ள இப்படி இழுக்குது, நீங்க பானையக் கழுவிக்கிட்டு நிக்கிறீங்களா ஆயா?"

"நாளைக்கு மிஸ்ஸி வராங்கம்மா." மிஸ்ஸி என்றால் தாதி, இவர் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பவர்.

"அவ வந்து நிறுத்துப் பாத்து எழுதிட்டுப் போவா. சளிய யாரு எடுக்குறது? உங்க பையில வேப்பெண்ணெய் வாசம் வருதே, குடுங்க."

"அது என் முட்டிக்கு."

"முட்டிக்கு நல்லதுன்னா நெஞ்சுக்குக் கெட்டதா?"

"உள்ளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு மிஸ்ஸி முன்னாடி ஒரு வீட்ல..." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாங்கல்லாம் இதக் குடிச்சு வளந்தவங்க. என்னப் பாருங்க, எண்பது கிலோ இருக்கேன்லா. செத்தா போயிட்டேன்?"

நானும் சிரித்துவிட்டேன். என் பிள்ளைகளுக்கும் ஒரு காலத்தில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தவள்தான் நான். போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் தேக்கரண்டியில் அரைக் கரண்டி எடுத்துக் குழந்தை வாயில் ஊற்றினார். குழந்தை முகத்தைச் சுளித்தது, கொஞ்சம் துப்பியது, மீதியை விழுங்கிவிட்டது. அப்போது காலை பத்து மணி.

பதினொன்றரைக்கு வாந்தி எடுத்தது. சளிதான் வெளியே வருகிறது என்றார் அக்கா. பிறகு தூங்கியது. பால் கொடுக்கத் தாய் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. மூச்சு வேகவேகமாக வாங்கியது. ஒரு கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. தாய் புருஷனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். அவர் கார் கொண்டுவந்தார். "ஆயா, நீங்களும் வாங்க" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டதால் நானும் பையோடு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மலாய்ப் பெண். குழந்தையைப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார், என்ன கொடுத்தீர்கள் என்று. "சூசு சாஜா, டாக்டர்" என்றார் அக்கா, பால் மட்டும்தான் என்று. பக்கத்தில் நின்ற தமிழ் மிஸ்ஸி தமிழில் இன்னொரு முறை கேட்டார். "வேற எதுவும்? நாட்டு மருந்து, எண்ணெய், கஷாயம்?"

"ஒன்னும் இல்ல மிஸ்ஸி."

தாய்க்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அக்கா என்னைப் பார்த்தார். சொன்னால் இந்த வேலை போகும், கிள்ளானில் வேறு வீடும் கிடைக்காது என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பது கட்டிலில் கிடந்தது. பையில் கையை விட்டுப் போத்தலை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

மிஸ்ஸி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எவ்வளவு?"

"அரைக் கரண்டி."

"எத்தன மணிக்கு?"

"பத்து."

"யாரு குடுத்தது?"

"போத்தல் என்னுது" என்றேன்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸி டாக்டரிடம் சொன்னதும் எல்லாரும் வேகமாக வேலை செய்ய ஆரம்பித்தார்கள், எங்களை வெளியே போகச் சொன்னார்கள். தகப்பன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை.

வெளியே வரிசையாக நாற்காலிகள். அக்கா ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

"பொழச்சிக்குமா ஆயா?"

"தெரியலம்மா."

பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்து, "என்னய ஏன் காட்டிக் குடுக்கல?" என்றார்.

"அவங்களுக்குத் தேவை எண்ணெய் விவரம்தான். அதச் சொல்லிட்டேன்."

அவர் எழுந்து தம்பியிடம் போனார். என்ன பேசினார் என்று என் காதில் விழவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் குழந்தை கண் திறந்து பால் குடித்ததாகத் தாய் போனில் சொன்னாள். இன்னும் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மீதி நாளுக்கு என்னைக் கூப்பிடவில்லை, தாயின் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஊற்றியது அக்காவின் கை என்றாலும், எடுத்துக் கொடுத்தது என் கை.

எப்படியோ வேறு வீடுகளில் வேலை திரும்பக் கிடைத்தது. இப்போது புது வீட்டுக்குப் போனால் முதல் நாளே மாமியார், புருஷன், யார் இருந்தாலும் எல்லாரையும் அடுப்படிக்குக் கூப்பிடுவேன். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருப்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். "இலை தாய்க்குக் குளிக்க. எண்ணெய் பிள்ள வாய்க்குக் கிடையாது, ஒரு சொட்டும் கிடையாது. சம்மதம்னா இருக்கேன், இல்லன்னா இப்பவே போறேன்." போன மாதம் ஒரு வீட்டில் மாமனார், "வந்ததும் வராததுமா சண்டையா?" என்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அதையே சொன்னேன்.