‘ப’ மட்டும் நேராக வந்தது

வீட்டில் ஹீற் பிரஸ் வைத்திருப்பவரைத் தேடி வருகிறவர்கள், வந்த வேலையைச் சொல்வதற்கு முன்னரே “சும்மா ஒண்டு அடிச்சுக் காட்டுங்கோவன்” என்பார்கள். தாளில் இருக்கும் படத்தைச் சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுகிற இந்தத் தொழிலில் சும்மா என்று எதுவும் இல்லை என்பது, என்னைப் போல விரல் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். வட்டக்கச்சியில் எங்கள் முன்னறையில் இருக்கும் மெசினை நானும் துஷாவும் சேர்ந்துதான் தெரிவு செய்தோம். ஒன்றாகப் பட்டம் பெற்று, ஒன்றாக வேலையில்லாமல் இருந்தவர்கள். அவள் கதைப்பாள், நான் அடிப்பேன் என்பது எங்கள் ஒப்பந்தம்.

வாய் திறக்கிறதா, சுற்றுகிறதா

வவுனியாக் கடையில், எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் இரண்டு மெசின்கள் இருந்தன. ஒன்றின் மேல்தட்டு முதலை வாய் போலத் திறக்கும். மற்றதன் மேல்தட்டு பக்கவாட்டில் சுற்றி விலகும். சுற்றுவதில் கை சுடுவது குறைவு, ஆனால் அது சுற்ற இடம் வேண்டும். எங்கள் முன்னறையில் ஏற்கெனவே நெல் மூட்டைகளும் அப்பாவின் சைக்கிளும் குடியிருந்தன.

கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு மாதமாக இணையத்தில் தேடிக் கொப்பியில் எழுதியிருந்தேன். தட்டு என்ன அளவு, வீட்டுப் பிளக் தாங்குமா, நான்கு மூலையிலும் சூடு ஒரேயளவா? கடைக்காரர் என் பக்கம் திரும்பியதும் கொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட்டேன். முதல் இரண்டையும் துஷா எட்டிப் பார்த்துக் கேட்டாள். மூலைக் கேள்வி கொப்பிக்குள்ளேயே இருந்துவிட்டது. “எது வேணும் தங்கச்சி? வாய் திறக்கிறதோ, சுத்திறதோ?” என்றார் கடைக்காரர். துஷா என்னைக் காட்டிச் சொன்னாள்: “வாய் திறக்கிறதைத் தாங்கோ அண்ணை. இவள்தான் திறக்கமாட்டாள், மெசினாவது திறக்கட்டும்.”

பெட்டிக்கு இரண்டு பக்கம்

அந்தப் பெட்டியை ஒருவரால் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து பஸ்ஸில் ஏற்றினோம். ஓமந்தை தாண்டிய பிறகு டிரைவர் பிரேக் அடித்த ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தோம். கிளிநொச்சியில் “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணிக்கொண்டு இறக்கியதைப் பார்த்து நின்ற கொண்டக்டர் சொன்னார்: “பிள்ளையள், நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டிலை கலியாணம் கட்டினால்தான் உந்தப் பெட்டிக்கு நல்லது.”

முதலாவது ரீசேட்

தாளைக் கவிழ்த்து வைத்துத்தான் அழுத்துகிறோம். ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல மாற்றி அச்சிட்டால்தான் துணியில் நேராக வரும். எங்கள் தாள்களோடு வந்த குறிப்பு முழுவதும் சீன மொழியில் இருந்தது. மாற்றவேண்டுமா இல்லையா என்று பரீட்சித்துப் பார்க்க, தாளை மிச்சம் பிடித்து, ‘ப’ என்று ஓர் எழுத்தை மட்டும் மாற்றாமல் பழந்துணியில் அடித்தோம். அது நேராக வந்தது. மாற்றத் தேவையில்லை என்று இரண்டு பட்டதாரிகளும் தீர்மானித்தோம்.

ரீசேட்டில் ‘போட்டு வாறன்’ என்று அடிப்பது துஷாவின் யோசனை. போய்வருகிறேன் என்பதையும் உடுத்துக்கொண்டு வருகிறேன் என்பதையும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தாளை உரித்தபோது எல்லா எழுத்தும் திரும்பி நின்றன, ‘போ’வின் நடுவிலிருந்த ‘ப’வைத் தவிர. குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அம்மா சொன்னா: “நாலு வருசம் கம்பஸிலை படிச்சும், ‘ப’வுக்கு முன்னும் பின்னும் ஒண்டெண்டு தெரியேல்லையோ?”

வான் வந்த காலை

பிழையான ரீசேட்டைத் துஷா எறிய விடவில்லை. அடுத்த வருடம் கனடா மாப்பிள்ளை, கலியாண எழுத்து, விசா என்று எல்லாம் நடந்து, விமான நிலையத்துக்குப் போக வாடகை வான் வந்து நின்ற காலையில் அதையே போட்டிருந்தாள். போகாதே என்று சொல்ல இரவெல்லாம் ஆயத்தம் செய்திருந்தேன். “சாப்பாட்டுப் பாசல் எடுத்தனியோ?” என்றுதான் வந்தது. அவள் வான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு வருசம்தான்டி. வந்து, பெரிய மெசின் ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம். அதுவரைக்கும் உந்த முதலை மெசினுக்கு நீதான் அம்மா.”

கடல் ராசா

அதன் பிறகு கதைப்பதும் நான்தான், அடிப்பதும் நான்தான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு சம்மாட்டி ஐயா வந்து, தன் மீன்பிடி வள்ளத்துப் பேரான ‘கடல் ராசா’வை நான்கு ரீசேட்டுகளில் அடித்துக்கொண்டு போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். தோய்த்ததில் ‘க’ உரிந்து, நான்கும் ‘டல் ராசா’ ஆகியிருந்தன.

எங்கள் மெசினின் இடது மூலையில் சூடு குறைவு. துஷா இருந்தவரை, அடித்து முடித்ததும் அந்த மூலையை அயன்பெட்டியால் ஒருமுறை அழுத்திவிடுவாள். அது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். மெசினின் குறை என்று அவள் போன பிறகுதான் தெரிந்தது. ஐயாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, அயன்பெட்டியைத் தேடத் தொடங்கினேன். அவர் ஒரு ரீசேட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். “மூண்டைத் திருத்தித் தாங்கோ பிள்ளை. இது இப்பிடியே இருக்கட்டும். இதைப் பார்த்துத்தான் என்ரை மனுசி கனகாலத்துக்குப் பிறகு சிரிச்சவா.”

அளவு

உடையார்கட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, பிரான்சில் இருக்கும் மகனுக்கு அனுப்ப, வீட்டு முற்றத்தின் படம் போட்ட ரீசேட் கேட்டா. என்ன அளவு என்றேன். தெரியாது. மெலிவா, மொத்தமா? அதுவும் தெரியாது. போய்ப் பதின்மூன்று வருடம். மகன் ஒவ்வொரு நாளும் கதைக்கிறவராம். அப்படியென்றால் தெரிந்திருக்குமே என்று நான் வாய்விட்டுச் சொன்னது பிழை. அவா என்னைப் பார்த்துச் சொன்னா: “போனிலை முகம் மட்டும்தானே பிள்ளை வருது.”

மூன்றாம் வருடம்

போன மாதம் வவுனியாக் கடைக்காரர் போன் எடுத்தார். பெரிய தட்டு மெசின் வந்திருக்கிறதாம். பழையதைக் கொடுத்து மாற்றலாமாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டுமாம். எனக்கு இப்போது ஒரு விளையாட்டுக் கழகத்தின் வேலையும் வருகிறது, பெரியது வேண்டும்தான். நான்கு மூலையும் சுடுமா என்று இந்த முறை நானே கேட்டேன். சுடும் என்றார்.

துஷாவுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். எனக்குக் காலை, அவளுக்கு இரவு. தோளில் குழந்தை நித்திரை. அதே ரீசேட், வெளுத்துப்போயிருந்தது. நான் மெசினைப் பற்றித் தொடங்கி, எங்கேயும் நிற்காமல், “நீ எப்ப வாறாய்?” என்று கேட்டுவிட்டேன். கேட்க நினைத்ததையே அவளிடம் நான் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தாமல், “நீயே பார்த்து எடு” என்றாள்.

“உன்ரை ரீசேட்டிலை எழுத்து இன்னும் மற்றப்பக்கமாத்தான் நிக்குது” என்றேன். அவள் குனிந்து பார்க்கவில்லை. போனின் மூலையில் சின்னதாகத் தெரியும் தன் உருவத்தைப் பார்த்தாள். அது கண்ணாடி போலத்தானே காட்டும். பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு இஞ்சை நேராத்தான்டி தெரியுது.”

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, மெசின் நாங்கள் இரண்டு பேரும் இறக்கி வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே மலிவாக ஹீற் பிரஸ் தேடுகிறவர்களே, தட்டின் அளவையும் மூலைச் சூட்டையும் விசாரிக்கும்போது, பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறவர் எவ்வளவு காலம் ஊரில் இருப்பார் என்பதையும் ஒருமுறை வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.