உள்ளறையில் டேப் இழுக்கும் சத்தம்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது நடந்தது. இதை என்னிடம் சொன்ன கௌசல்யா பொய் சொல்கிற பெண் அல்ல. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறவள். அப்படிப்பட்டவள் இன்றைக்கும் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை யாராவது சர்ரென்று இழுத்தால், எழுந்து அந்த இடத்தைவிட்டே போய்விடுகிறாள். நடந்தது திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில். போன வருஷம், ஓணத்துக்கு ஒரு வாரம் முன்னால். நடுநிசியில் அல்ல, பட்டப்பகலில்.

கௌசல்யாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி மணக்காட்டுக்கு வந்தாள். கணவர் நாகேஸ்வரன் கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அதன் பிறகு இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'தளிர்' என்ற ஆன்லைன் கடை. பிறந்த குழந்தைக்கான பரிசு செட் விற்பார்கள். இரண்டு ஜப்லாச் சட்டை, ஒரு பூந்துவாலை, கடுகுத் தலையணை, மரக் கிலுகிலுப்பை, எல்லாம் ஒரே பெட்டியில். கட்டிலில் சாய்ந்தபடி நாகேஸ்வரன் கம்ப்யூட்டரில் ஆர்டரும் சரக்கும் பார்ப்பார். சந்தில் வாடகைக்கு எடுத்த மாடியில் கௌசல்யாவும் மாடம்மாள் என்ற அக்காவும் பெட்டி கட்டுவார்கள். அந்த வேலை வந்த பிறகுதான் நாகேஸ்வரன் மறுபடி முகச்சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். அதைச் சொல்லும்போது மட்டும் கௌசல்யாவின் குரல் கம்மும்.

ஓணத்துக்கு ஆர்டர் வந்து குவிந்தது. விற்றுக்கொடுக்கிற ஆன்லைன் கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருந்தது. இன்னொரு தடவை ஆர்டரை ரத்து செய்தால் கடையை மூடிவிடுவோம், திரும்பத் திறக்க முடியாது என்று. அந்த வாரத்துப் பெட்டிகளெல்லாம் புதன்கிழமை சாயங்காலம் கூரியரில் ஏறியே ஆகவேண்டும்.

செவ்வாய் இரவு அறிவிப்பு வந்தது. புதன்கிழமை காலை முதல் மாலை ஆறு மணிவரை ஹர்த்தால், முழுக் கடையடைப்பு.

பஸ் இல்லை. ஆட்டோ இல்லை. மாடம்மாள் இருப்பது நேமத்தில். "எப்படி வருவேன் மோளே? ரோட்டுல ஒரு வண்டி இல்ல" என்று போனிலேயே அழுதாள். கூரியர் ஷிபு மட்டும், ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்ததும் வண்டியோடு வந்துவிடுவதாகச் சொன்னான். கௌசல்யா காலையில் தனியாக நடந்தே போனாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று பார்த்தால் தேங்காய் விற்கிறவன்கூட இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடமெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. சாலைத் தெருவில் எல்லா ஷட்டரும் கீழே. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் தன் செருப்புச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் மேசை, லேபிள் அடிக்கிற மெஷின், மூலையில் ஒரு குழாய். உள்ளறையில் சரக்கு அடுக்கிய இரும்பு ராக்குகள். உள்ளறைக்கு வேறு வாசல் கிடையாது. ஒரே ஒரு சன்னல், அதற்கும் கம்பி.

வேலையைத் தொடங்கினாள். முதல் பத்துப் பெட்டி கட்டி முடித்ததும் கிலுகிலுப்பை தீர்ந்துவிட்டது. அடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். காலி. அதற்கடுத்ததும் காலி. ராக்கின் அடியில் தேடினாள். மேலே ஏறித் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

நாகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"கம்ப்யூட்டர்ல செட்டு எத்தனை இருக்குன்னு காட்டுது?"

"வேண்டியதுக்கு மேலேயே இருக்கு கௌசி. ஏன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கம்ப்யூட்டருக்குச் செட் என்பது ஒரு பொருள். ராக்கில் அது ஐந்து பொருள். கிலுகிலுப்பையைத் தனியாகவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தனியாகப் போனதைச் செட்டின் கணக்கில் யாரும் கழிக்கவில்லை. இல்லாத செட்டுகளை வாரம் முழுக்க விற்றிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கிறவர் நாகேஸ்வரன்.

"ஏன் கௌசி? குறையுதா?"

"இல்லங்க. சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு எந்தக் கடையும் திறக்காது. கிலுகிலுப்பை செய்து தருகிறவர் இருப்பது செங்கோட்டையில். உண்மையைச் சொன்னால் நாகேஸ்வரன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாரத்திலிருந்து விழுந்த முதல் ஒரு வருஷம் அப்படித்தான் படுத்துக் கிடந்தார். கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்காமல், யாரைப் பார்த்து என்று தெரியாமல், வாய்விட்டே சொன்னாள்.

"யாராவது ஒரு கை குடுங்களேன்... என்ன கேட்டாலும் தாறேன்."

மழைச் சத்தம் மட்டும்.

முகம் கழுவ எழுந்து முன்னறைக்கு வந்தாள். குழாயைத் திறந்தாள்.

சர்ர்ர்... ரக்.

குழாயை மூடினாள்.

சர்ர்ர்... ரக்.

டேப்பை இழுத்துக் கிழிக்கிற சத்தம். உள்ளறையிலிருந்து.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தாள். கையில் கிடைத்த இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. தரை நடுவில் ஒரு பெட்டி ஒட்டி முடித்து இருந்தது. அவள் ஒட்டியது அல்ல. அவள் இரண்டு சுற்று ஒட்டுவாள். இதில் மூன்று சுற்று, பிரிந்துவிடவே கூடாது என்பதுபோல.

தூக்கினாள். உள்ளே கிலுகிலுவென்றது.

கத்தியால் கீறித் திறந்தாள். இரண்டு ஜப்லா. பூந்துவாலை. கடுகுத் தலையணை. எல்லாம் அவள் மடிப்பதைவிட அழகாக மடித்திருந்தது. மேலே ஒரு கிலுகிலுப்பை. அவர்கள் விற்கிற அதே மாதிரி, அதே சிவப்பு அரக்கு. ஆனால் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வெகுநேரம் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்த மாதிரி.

"நீ ஓடியிருக்கணும்லா?" என்று நான் கேட்டேன்.

"எங்க ஓட?" என்றாள் கௌசல்யா. "வீட்டுக்குப் போனா அவரு மூஞ்சியப் பாக்கணும்லா."

ஓடவில்லை. காலிப் பெட்டிகளைத் தட்டை தட்டையாக உள்ளறை வாசலில் அடுக்கி வைத்தாள். புது டேப் உருளைகளை வைத்தாள். கதவைப் பாதி சாத்திவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து லேபிள் அடிக்கத் தொடங்கினாள். ஓரிரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு...

சர்ர்ர்... ரக்.

திரும்பினால் சத்தம் நின்றுவிடும். திரும்பாமல் இருந்தால் தொடரும். மூன்று நான்கு முறைக்குப் பிறகு அவள் திரும்புவதை விட்டுவிட்டாள். சத்தம் கொஞ்சம் ஓயும்போது உள்ளே போவாள். பெட்டிகள் வரிசையாக இருக்கும். லேபிள் ஒட்டி முன்னறைக்குக் கொண்டுவருவாள். ஒவ்வொன்றும் கிலுகிலுவென்றது. ஒவ்வொரு தடவையும் உள்ளறையில் புழுக்கம் கூடியிருந்தது. நல்லெண்ணெய் வாடை. வியர்வை வாடை. தரையில் அங்கங்கே ஈரம், நனைந்த பாவாடை இழுபட்டுப் போனதுபோல.

மத்தியானம் நாகேஸ்வரன் போன் செய்தார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லங்க. வேலை நடக்கு."

"மாடம்மாக்கா வந்தாச்சு போல."

"இல்லியே."

"பின்ன யாரு பாடுறது?"

கௌசல்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தாலாட்டு மாதிரி கேக்கு கௌசி. உன் பக்கத்துல. ரொம்பப் பக்கத்துல."

அவள் காதில் டேப் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ரேடியோங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். அந்த மாடியில் ரேடியோ கிடையாது.

சாயங்காலம் ஆகிவிட்டது. வெளிச்சம் மங்கியது. கையில் கடைசி லேபிள். இன்னும் ஒரே ஒரு பெட்டி வேண்டும்.

எழுந்தாள். கதவைத் தள்ளினாள்.

இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை.

சர்ர்ர்...

ராக்குக்குப் பின்னால்.

சர்ர்ர்...

கீழே. தரைக்குப் பக்கத்தில். யாரோ உட்கார்ந்து...

மூச்சு கேட்டது. பல்லைக் கடித்து விடுகிற மூச்சு. விட்டு விட்டு. வலியில் விடுகிற மூச்சு.



ராக்கின் ஓரத்திலிருந்து ஒரு பெட்டி நகர்ந்து வந்தது. மெதுவாக. அவள் காலடி வரை.

"போதுமா?"

பெண் குரல். தமிழில்.

"போ... போதும்."



"தருவியா?"

கௌசல்யா குனிந்தாள். பெட்டியை வாரி எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தி மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு அடித்ததும் ஷிபு வந்துவிட்டான். கீழே தெருவில் ஒவ்வொரு ஷட்டராகத் தூக்குகிற சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு உயிர் வந்தது. ஷிபு முன்னறைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினான். இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மேசையை நகர்த்திவிட்டு உள்ளறைக்குள்ளும் போனான். அவள் தடுப்பதற்குள் போய்விட்டான். வெளியே வந்தபோது அவன் முகம் கடுகடுவென்று இருந்தது.

"சேச்சி, நிங்கள் செய்தது சரியல்ல கேட்டோ."

"என்ன ஷிபு?"

"உள்ள இருக்கிற ஆ சேச்சிக்கு நிறைமாசமல்லே? முழுக்க வேர்த்திருக்கு. இந்த நிலையில ஒருத்தியெ ஹர்த்தாலன்னு வேலைக்கு இருத்தாமோ? கொஞ்சம் வெள்ளமாவது குடுங்க."

கௌசல்யா தண்ணீர் கொண்டுபோகவில்லை. கதவைப் பூட்டக்கூட இல்லை. மணக்காடு வரை ஓடினாள்.

கடை பிழைத்தது. ஒரு பெட்டிகூட ரத்தாகவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் நல்லபடியாக எழுதினார்கள். கணக்கில் விழுந்த பிழையை நாகேஸ்வரனே பின்னால் கண்டுபிடித்தார். செட்டில் ஒரு பொருள் தீர்ந்தால் செட்டே விற்காதபடி மாற்றிவைத்தார். "அன்னைக்கு எப்படி சமாளிச்ச?" என்று கேட்டார். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஓணம் முடிந்து ஒரே ஒரு பெட்டி திரும்பி வந்தது. கல்லாறு என்ற ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிற ஸ்ரீப்ரியா என்ற பெண்ணுக்குப் போனது. வாங்க மறுத்துவிட்டாள். கௌசல்யா போன் செய்து காரணம் கேட்டாள்.



"கோபப்படாதீங்க சேச்சி. பெட்டிய வாசல்ல வச்சப்போ உள்ளேர்ந்து சத்தம் கேட்டு."

"கிலுகிலுப்பையா இருக்கும்மா."

"அல்ல சேச்சி. கொச்சு அழுதுது."

"உங்க குழந்தையா..."

"என்ற மோள் என்ற கையில உறங்கிக்கிட்டிருந்தா."

பெட்டியைக் கௌசல்யா தனியாகத் திறக்கவில்லை. கணவரின் கட்டிலில் வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் திறந்தாள். மூன்று சுற்று டேப். யாரும் பிரித்த அடையாளமே இல்லை.

ஐந்து பொருளும் இருந்தன. ஆனால் கடுகுத் தலையணையின் நடுவில் குழி விழுந்திருந்தது. சின்னத் தலை வைத்துப் படுத்த குழி. ஜப்லா புதிது அல்ல. பலமுறை தோய்த்து நைந்திருந்தது. கழுத்தோரத்தில் காய்ந்த பால். நாகேஸ்வரன் முகர்ந்து பார்த்தார். பெட்டியை மூடிவிட்டார்.

மறுநாளே மாடியைக் காலி செய்யக் கட்டட உரிமையாளர் பத்மகுமாரிடம் போனாள். காரணம் சொல்லவில்லை. "எங்களுக்கு முன்ன அங்க யாரு இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தையல் யூனிட் ஒண்ணு. ரொம்ப வருஷம் முன்ன. உங்க தமிழ்நாட்டுக்காரிகள்தான் வேலை செஞ்சது. ஒரு ஓணத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போனாங்க. ஒருத்தி மாத்ரம் போகல்ல. வயித்துல இருக்கிறத வீட்டுக்குத் தெரியாம மறைச்சிருந்தா போல. அது எனக்கு அப்ப அறியில்லா, சத்யமா அறியில்லா."

"பெறகு?"

"ஓணம் கழிஞ்சு வந்தப்போ உள்ளறை திறக்கல்ல. போலீஸ் வந்து உடைச்சாங்க. பிரசவம் கழிஞ்சு ரத்தம் நிக்காமப் போய் மரிச்சு கிடந்தா."

"அப்ப குழந்தை?" என்றாள் கௌசல்யா.

"கதவு உள்ளேர்ந்து தாழ் போட்டிருந்தது. சன்னல்ல கம்பி. கொச்சு பிறந்தாச்சுன்னு, மூணு நாளாவது பால் குடிச்சிருக்குன்னு டாக்டர் உறுதியா சொன்னார்."

பத்மகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரூம் முழுக்கத் தேடினோம். கொச்சு மாத்ரம் அங்க இல்ல."