கூர்வா கத்துது

உப்பளம் பேட்டையில் என் மெக்கானிக் ஷெட்டைத் திறந்ததும் போன் வந்தது. பேசியவர் அந்துவான் முசே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால் எங்களுக்கு அவர் 'ஐயா' இல்லை, 'முசே'. அன்று அவர் மகளுக்குக் கல்யாணம்.

"தம்பி, வண்டியில கூர்வா கத்துது. சீக்கிரம் வாப்பா, பொண்ண மாதா கோயிலுக்கு இட்டுக்கினு போவணும்."

குருவி கத்துகிறது என்று என் காதில் விழுந்தது. பானெட்டுக்குள் எலி, பூனை எல்லாம் பார்த்தவன் நான். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பிடி கம்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டூல் பையை எடுக்கவில்லை. குருவியை ஸ்பேனர் போட்டா பிடிப்பார்கள்?

முசே வீட்டு வாசலில் நின்ற காரின் பானெட்டைத் திறந்து கம்பைத் தூவினேன்.

"என்னப்பா பண்ற?"

"கூட்டைத் தேடறேன் முசே. குஞ்சு இருந்தா பாவம்."

"யோவ், கூர்வான்னா பெல்ட்டுய்யா! பிரெஞ்சுல அப்பிடித்தான் சொல்லுவோம்!"

வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பெண்ணின் அத்தை விடவில்லை: "மெக்கானிக்கா, கிளி ஜோசியரா?"

வண்டியை ஸ்டார்ட் செய்தார் முசே. கீச், கீச், கீச். டேஷ்போர்டில் பாட்டரி லைட் சிவப்பாக மினுக்கியது. சிரிப்பு அடங்கிவிட்டது. பெல்ட் வழுக்கி ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாவிட்டால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வண்டி பாதி வழியில் நின்றால், பெண் வெள்ளைக் கவுனோடு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

ஓடும் பெல்ட்டின் உள்பக்க வரிகளில், அதாவது ரிப்பில், லேசாகத் தண்ணீர் தெளித்தேன். சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு. சற்று அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் நேராக ஓடவில்லை. இங்கே அடங்கித் திரும்ப வந்தது. இன்ஜினை அணைத்துக் குனிந்து பார்த்தேன். புது பெல்ட்தான். ஆனால் ஆல்டர்னேட்டரின் புல்லிச் சக்கரத்தில் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வெளியே தொங்கிய ரிப் நார் நாராகப் பிரிந்திருந்தது.

"யாரு மாட்டுனது?"

முசே என் காதருகே வந்தார். "மாப்ளதான். நேத்து சாயந்திரம் போன்ல வீடியோ பாத்துப் போட்டாரு. வெளிய சொல்லிடாத."

டிக்கியில் வண்டியோடு வந்த ஸ்பேனரும் ஜாக்கி ராடும் கிடைத்தன. அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டைத் தளர்த்தி, ரிப்புக்கு ரிப், பள்ளத்துக்குப் பள்ளம் பெல்ட்டை உட்கார வைத்தேன். பிரிந்த நாரை, பூக்கட்ட வந்த அம்மாவின் கத்தரிக்கோலால் நறுக்கினேன். ராடால் ஆல்டர்னேட்டரை நெம்பி, கட்டைவிரலால் அழுத்தி டென்ஷன் பார்த்து, போல்ட்டை முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் சத்தமில்லை, சிவப்பு லைட்டும் இல்லை.

"கோயில் வரைக்கும் என் கியாரண்டி முசே. மத்தியானம் வேற பெல்ட் போட்டுடறேன்." கியாரண்டி கொடுத்தாகிவிட்டதால் வண்டியை நானே ஓட்டினேன்.

கோயில் வாசலில், கோட்டு சூட்டில் நின்ற மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன் என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, பெல்ட்டு நான் போட்டது. எப்பிடி ஓடுது?"

பின் சீட்டில் முசே இருமினார். பெண் கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

"நீங்க போட்டதா? அதான் சத்தமே இல்லாம வந்துச்சு."

மாப்பிள்ளை ஓர் அங்குலம் உயர்ந்து, கையை நீட்டிப் பெண்ணை இறக்கினார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. புது பெல்ட் போட்டதும், எல்லாப் புல்லியிலும் பள்ளத்தை எண்ணிப் பாருங்கள். மாட்டியவர் மாப்பிள்ளையாக இருந்தால், அவர் இல்லாத நேரத்தில் எண்ணுங்கள்.