உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும்

எங்கள் பெப்பு ஊரின் பொதுக் குளியல் வாசலில், வெந்நீர் ஊற்றின் ஆவியில் முட்டை அவித்து விற்றவள் மசுனோ. நாற்பதை நெருங்கியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் முகமல்ல, வாய். ஊர் ஊராகச் சுற்றும் சூதாடிப் பெண்ணின் படம் ஒன்று வந்தாலும் வந்தது, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. முட்டை கேட்டு வருகிறவன் முன்னால், பகடையை மூடும் சூதுக் கிண்ணம்போல் சட்டியைக் கவிழ்த்து, "இரட்டையா, ஒற்றையா?" என்பாள். பசியோடு வந்தவன் என்ன செய்வான், பாவம்.

இந்த லட்சணத்தில்தான் மரச்செருப்புக் கடை சடாகிச்சியின் சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், பரம சாது. அவள் கேள்விக்கு அலுக்காமல் தினமும் பதில் சொன்ன ஒரே மனிதர். மசுனோவுக்கு அவரை உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவருடைய அக்கா கிகுயோ வைத்ததுதான் சட்டம். கிகுயோவோ சினிமா என்றாலே காறித் துப்புகிறவள்.

"படம் பத்தி மூச்சு விடாத. என்ன பிடிக்கும்னு கேட்டா, பூ அடுக்கப் பிடிக்கும்னு சொல்லு," என்றாள் தரகு பேசிய ஹிசாயே.

"எனக்கு முட்டைதான் அடுக்கத் தெரியும்க்கா."

"அப்ப சிரிச்சுக்கிட்டே உக்காரு."

பெண் பார்க்கும் சடங்கு ஹிசாயே வீட்டில் நடந்தது. சடாகிச்சி முன்னதாகவே வந்து தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே கிகுயோ சாம்பல் நிறக் கிமோனோவில் வந்து நின்றாள். அவ்வளவுதான், மசுனோ மனப்பாடம் செய்திருந்த வரவேற்பெல்லாம் மறந்துபோயிற்று. கால்கள் தாமாக அகன்றன. இடுப்பு வளைந்தது. படத்தில் அந்தச் சூதாடிப் பெண் வணங்குவதுபோலவே வலது கை முன்னால் நீண்டது.

"பொறுத்தருளணும். பிறந்த மண்ணு பெப்பு. பேரு மசுனோ. தொழில் அவிச்ச முட்டை. இனிமே நம்மள ஞாபகம் வச்சுக்கங்க."

ஹிசாயே கண்ணை மூடிக்கொண்டாள். சடாகிச்சி தேநீரை மடியில் ஊற்றிக்கொண்டார். எல்லாம் போயிற்று என்று மசுனோவுக்கே தெரிந்துவிட்டது. அழுகை முட்டியது. ஆனாலும் அவள் நிமிரவில்லை. எதிராளி பதில் வணக்கம் சொல்லும்வரை குனிந்தவர் நிமிரக் கூடாது என்பது சூதாடிகளின் முறை.

கிகுயோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தப்பு," என்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"கையச் சொன்னேன். உள்ளங்கை மேல பாக்கணும். நீ கோழி விரட்டுற மாதிரி நீட்டுறே."

"அக்கா, உனக்கு எப்படி இதெல்லாம்..." என்று இழுத்தார் சடாகிச்சி.

"நீ சும்மா இரு." கிகுயோ கைப்பையைக் கீழே வைத்தாள், காலை அகட்டினாள், குனிந்தாள். "நீங்க முதல்ல நிமிரணும்."

"இல்லீங்க, நீங்கதான்."

"ஊர் சுத்துற எனக்கு எதுக்கு அந்த மரியாதை? நீங்க நிமிருங்க," என்றாள், பெப்பு எல்லையைத் தாண்டியே அறியாத கிகுயோ.

இப்படி மாறி மாறி உபசரிப்பதும் முறைதான். இருவரும் முறை தவறாதவர்கள். கடைசியில் விட்டுக்கொடுக்க மனம் வந்தபோது கிகுயோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மசுனோ ஓடிப்போய் அவளைத் தோளில் தாங்கினாள். கிகுயோ அவள் காதில் கிசுகிசுத்தாள்.

"சனிக்கிழமை புதுப் படம் வருது. பின் வரிசையில எனக்கும் ஒரு இடம் பிடி. முகத்த மூடிக்கிட்டுத்தான் வருவேன், எப்பவும்போல."

"சரிங்கக்கா." மசுனோ அவளை இன்னும் இறுக்கித் தாங்கிக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க. இரட்டையா, ஒற்றையா?"

கிகுயோ வலியோடு தலையைத் திருப்பி, நனைந்த மடியோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

"இரட்டை," என்றாள்.