நான் கொன்ற கத்திரி நாற்றுகள்

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே தப்பை ஒரு பிள்ளை இரண்டாவது தடவை செய்தால் சாக்பீஸ் என் கையிலிருந்து தானாகப் பறக்கும். இப்படிப்பட்டவள் ஐம்பத்து நாலு வயதில் விதை போட்டுச் செடி வளர்க்கக் கிளம்பினேன் என்றால் அது ஆசையால் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

செடி வளர்ப்பதெல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை பார்த்தவர். விடிந்ததும் திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். பகல் முழுக்க லோடு லோடாகத் தக்காளியும் கத்திரியும் பார்த்துவிட்டு வந்த மனுஷன், சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போய்த் தொட்டிகள் முன்னால் நிற்பார். "அங்க பாத்தது பத்தலையாக்கும்?" என்று கேட்பேன். "அது சரக்கு. இது செடி" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. பேச்சு வராத காலத்துக்கு முன்னும் அவர் பேச்சு அம்புட்டுத்தான்.

போன தவக்காலத்தில் ஒரு நாள் காலை, காபி தம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நிமிடத்தில் போயின. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தோம். ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். மாடிக் கதவைப் பூட்டிய சாவி என் கைப்பையிலேயே இருந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதினி, தண்ணீர் ஊற்ற இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். வெளியே பங்குனி வெயில். நான் கதவைத் திறந்தபோது பதினெட்டுத் தொட்டியிலும் விறகுதான் நின்றது. மறைக்கத் தெரியாதவள் நான். நேரே வந்து அவரிடம், "செடியெல்லாம் போச்சுங்க. என்னாலதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அதிலிருந்து அந்த அறையின் ஜன்னல் திரையைத் திறக்க விடவில்லை. ஊன்றுகோலோடு பாத்ரூம் வரை போவார், திரும்பி வந்து படுப்பார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் பதமாகச் சொன்னாள், மிரட்டியும் பார்த்தாள். "கால் நல்லாத் தேறிருச்சு டீச்சர். இனிமே படி ஏறணும். மாடிக்கு ஏறி இறங்கினாத்தான் கால் பழகும். முதல் ஆறு மாசம் போயிருச்சுன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்." படியருகே கொண்டுபோய் நிறுத்தினால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். மேலே போய் என்னத்தைப் பார்க்க என்று அவர் கேட்காமலே எனக்குக் கேட்டது.

ஆடி பிறந்தபோது நாலு மாதம் முடிந்திருந்தது. மீதி இரண்டு. மாடியில் நாலு பச்சை இலை இருந்தால் இந்த மனுஷன் ஏறிவிடுவார் என்று எனக்குப் பட்டது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் மூன்று மருந்துக் குப்பிகளில் அவர் எடுத்து வைத்திருந்த விதைகள் இருந்தன. கத்திரி, தக்காளி, அவரை என்று அவர் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டியிருந்தது. இனி அந்தக் கை எழுதுமா என்று தெரியாத நாட்கள் அவை. அழுகிற நேரமா இது என்று என்னையே திட்டிக்கொண்டு கத்திரிக் குப்பியைத் திறந்தேன்.

விதை போடத் தெரியாதா எனக்கு? வருடா வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்க்கிறவள் ஆச்சே. தட்டில் மணலைப் பரப்பி, கேப்பையைக் கைநிறைய அள்ளித் தரை தெரியாமல் தூவி, வீட்டுக்குள்ளேயே வைத்துத் தண்ணீர் தெளித்தால் பத்தாம் நாள் குழந்தை இயேசுவைச் சுற்றிப் பச்சைக் கம்பளம். எங்கள் தெருவில் என் குடில் புல்லுக்குத் தனிப் பெயரே உண்டு. அதே தட்டை எடுத்தேன். அதே மணல். குப்பியில் இருந்த கத்திரி விதை அத்தனையையும் தூவினேன், தரை தெரியாமல். அடுப்படி மூலையில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஏழாம் நாள் பார்க்கணுமே! குட்டிக் குட்டியாக ஆயிரம் தலைகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

அவர் கண் அகல விரிந்தது. "ஆ... ஆ..." என்று இடது கையை ஆட்டினார். சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி!

மூன்றாம் நாள் பாதி நாற்று படுத்துவிட்டது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, அழுகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஐந்தாம் நாள் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. குப்பியிலும் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு மதினியிடம் போய்ப் புலம்பினேன். நிலக்கோட்டையிலிருந்து வரும் மல்லிகையைத் தொடுத்து விற்கிறவள். எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவள் போடும் முளைப்பாரியை நான் பார்த்திருக்கிறேன், ஒரு முழ உயரம் நிற்கும். பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "வெளிச்சம் பட்டிருக்கும் டீச்சர். நாங்க முளைப்பாரிச் சட்டியக் கதவைச் சாத்தி இருட்டுலல்ல வைப்போம்? எருவும் வைக்கோலும் போட்டு, ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது. நீங்க அடுப்படியில வச்சா என்னத்துக்கு வளரும்?"

சரியாகத்தானே சொல்கிறாள் என்று பட்டது. எங்கள் வீட்டில் இருட்டான இடம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய அறை. அதிலும் கட்டிலுக்கு அடியில். மதினி கொடுத்த எருவையும் வைக்கோலையும் போட்டுத் தக்காளி விதையைத் தூவி, தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் எட்டிப் பார்த்து உறுமினார். "வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கங்க" என்றேன். கட்டிலை இடது கையால் குத்தினார். மேலே கையைக் காட்டினார். மறுபடி குத்தினார். "பேசாமப் படுங்க. எல்லாம் உங்களுக்காகத்தான்" என்று கத்திவிட்டு வந்தேன். சாக்பீஸ் கையில் இல்லை, அதுதான் குறை.

தக்காளி வளர்ந்தது, ஒரு சாண் உயரத்துக்கு. சேமியாவைப் போல வெளுப்பாக, நிற்கத் தெம்பில்லாமல். மாடிக்குக் கொண்டுபோய் வைத்த அன்று மத்தியானமே வெயிலில் சுருண்டுவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குடில் புல்லை ஜனவரியில் ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் நான் குப்பையில் போடுகிறேன். முளைப்பாரியை மதினி கொண்டுபோய்த் தண்ணீரில் கரைக்கிறாள். பத்து நாள் பசுமையில் நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். பதினோராம் நாள் ஒரு செடிக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்தவர் கீழே திரை போட்ட அறையில் வாய் திறக்க முடியாமல் கிடக்கிறார்.

அதற்குள் ஆவணி பாதி ஓடிவிட்டது. ஆறு மாதத்தில் இருபது நாள்கூட மீதி இல்லை. ஒரே ஒரு குப்பி பாக்கி. அதில் ஏழு அவரை விதை.

அது ஒரு சனிக்கிழமை காலை. அவர் பார்க்கப் பார்க்கக் குப்பியை எடுத்துக் கையில் கவிழ்த்தேன். எனக்கு ஆத்திரம் என்றால் ஆத்திரம். அவர் மேலா, விதை மேலா, என் மேலேயா, சொல்லத் தெரியவில்லை. "இந்தா, ஏழுதான் இருக்கு. ஏழையும் ஒரே தொட்டியில போட்டு மூடப் போறேன். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். யாரு வந்து பாக்கப் போறா?" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று மாடி ஏறினேன்.

ஒரு தொட்டி மண்ணைக் கிளறி, நடுவில் ஒரு குழி தோண்டி, ஏழையும் போட்டு மூடினேன். வாளித் தண்ணீரைக் கையில் எடுத்தேன். அப்போது கீழே டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். ஊன்றுகோல் சத்தம். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சத்தம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

ஓடிப்போய்ப் படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நாலாவது படியில் நிற்கிறார். கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து, இடது காலை மேலே வைத்து, வலது காலை இழுத்துச் சேர்க்கிறார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. வேதனையால் அல்ல. அந்த முகம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த எருவை நான் குப்பை என்று கொட்டினேனே, அன்றைக்குப் பார்த்த முகம்.

"இருங்க, வாரேன், விழுந்துராதீங்க!" என்று இறங்கினேன். கோலை ஆட்டி என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். பதினாலு படி. ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் மேல்படியில் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை சொன்னேனோ, எண்ணிக்கை விட்டுப்போனது. கணக்கு டீச்சர்!

மேலே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அந்தத் தொட்டியிடம் போனார். சுவரோரக் கல்லில் உட்கார்ந்து, இடது கை விரலால் மண்ணைத் தோண்டி விதைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இரண்டை விட்டார். மீதி ஐந்தையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி, காலித் தொட்டிகளைக் கண்ணால் காட்டினார். வெயில் அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஐந்து மாதமாக ஒரு வார்த்தை ஒழுங்காக வராத வாயைக் கோணிக் கோணித் திறந்தார்.

"கொல... கொலகாரி" என்றார்.

தெளிவாக. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மதினிக்குக்கூடக் கேட்டது. "ஆத்தாடி! அண்ணே பேசிருச்சு!" என்று அவள் கத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எந்த நல்ல வார்த்தைக்கும் நான் அப்படி அழுததில்லை.

மறுநாளும் ஏறினார். நான் சரியாகத் தண்ணீர் ஊற்றுவேன் என்ற நம்பிக்கை அவருக்குச் சுத்தமாக இல்லை, அதனால் ஏறினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. உடற்பயிற்சிப் பெண் வந்து, கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறி, மாடிக்கு ஓடி வந்து அவரைக் கண்டாள். "என்ன டீச்சர் செஞ்சீங்க?" என்றாள். "கத்திரியையும் தக்காளியையும் கொன்னேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

போட்ட ஏழில் ஐந்து முளைத்தது. கார்த்திகையில் பந்தல் முழுக்க ஊதாப் பூ. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றவர்கள் பிழைத்ததற்கும் கிடைத்ததற்கும் நன்றி சொல்கிறார்கள். நான் அழுகிப்போன அந்தக் கத்திரி நாற்றுகளுக்கும் வெளுத்துப்போன தக்காளிக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன். நான் கெட்டிக்காரியாக இருந்து, முதல் தட்டே செழிப்பாக வந்திருந்தால், "நல்லா இருக்கு" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு அந்த மனுஷன் திரும்பிப் படுத்திருப்பார். என் தப்புதான் அவரை எழுப்பியது. ஆண்டவரே, என்னைத் தெரியாதவளாகப் படைத்ததற்கு ஸ்தோத்திரம்.

இப்போது கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கிறது. இன்று காலை அடுப்படியில் தட்டை எடுத்து மணல் பரப்பினேன். டக், டக் என்று வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"இது குடிலுக்கு. இதுல நீங்க தலையிடாதீங்க" என்றேன்.

"கொலகாரி" என்றார். இப்போதெல்லாம் நாலைந்து வார்த்தை வருகிறது. இருந்தாலும் என்னைக் கூப்பிட அவருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்கும்தான்.

நான் அள்ளி அள்ளித் தூவினேன். அவர் பக்கத்தில் வந்து ஊன்றுகோலை மேடையில் சாய்த்து வைத்தார். கேப்பைக் கிண்ணத்துக்குள் கையை விட்டார். வலது கை. விரல்கள் மெல்ல மடங்கின. கை நடுங்கிக்கொண்டே தட்டுக்கு மேலே வந்தது, திறந்தது. ஒரு சிட்டிகை கேப்பை ஒரே இடத்தில் குவியலாக விழுந்தது.

நான் அதைப் பரப்பிவிடவில்லை. இந்த வருடம் என் குடிலில் ஒரு மூலையில் மட்டும் புல் கொத்தாக நிற்கும். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து அந்தத் தட்டை வைப்பேன்.