இனிகோ எடைபோட்ட ஈயக்குண்டுகள்

இனிகோ அண்ணனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. திண்டுக்கல்லில் நான் வேதியியல் படித்த கல்லூரியில் அவர் ஆய்வக உதவியாளர், அதுவும் தற்காலிகம். பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே போய் சன்னலைச் சாத்துவார், சாத்தியதைத் திரும்பத் திறப்பார். ஏர் ரைபிளைத் தோளில் வைத்தால் மட்டும் அசையாமல் நிற்பார். அதை நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

1998இல் என் படிப்பு முடிந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டு, பாதி நாள் அதே ஆய்வகத்தில்தான் போய் நிற்பேன். இனிகோ அண்ணன் தேடுவது என்ன என்பதாவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மதுரையில் நடக்கும் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த டிசம்பரோடு அந்த வேலைக்கான வயது வரம்பு அவருக்கு முடிகிறது. அதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு போட்டி.

ஏர் ரைபிள் குண்டு ஈயத்தால் ஆனது. தலை தட்டை, இடுப்பு குறுகல், பின்பக்கம் உள்ளே குடைந்து காகிதம் போல மெல்லிய விளிம்பு. ஒரே டப்பாவில் இருந்தாலும் ஒவ்வொன்றின் எடையும் கொஞ்சம் மாறும். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். எடை ஒத்த குண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டால் போட்டியில் புள்ளி சிதறாது என்பது அவர் கணக்கு. துறைத்தலைவரிடம் கேட்டுக்கொண்டு, மதிய இடைவேளையில் ரசாயனத் தராசில் நிறுப்பார். தராசு இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக் காற்றுகூடப் போகக்கூடாது. கைவிரல் எண்ணெய் பட்டால் எடை மாறும் என்பதால் எதையும் பித்தளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். முதல் வருடம் எங்கள் தலையில் ஏற்றிய முதல் பாடம் அது. எடைக்கல்லை விரலால் தொட்டுவிட்டு வெளியே நின்றவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு.

நிறுத்த குண்டுகளைச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் பிரித்து வைப்பார். அவர் பயிற்சி எடுக்கும், நானும் கூடப் போய் நிற்கும் ரைபிள் கிளப்பின் செயலாளர் கிதர் முகம்மது, தோல் வியாபாரி. அந்தத் தட்டுகளைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

"என்ன தம்பி, நகைக்கடை வைக்கப் போறியா? செய்கூலி, சேதாரம் எம்புட்டு?"

"போட்டி முடியட்டும் பாய், பொறவு பேசுவோம்."

ஆனால் பயிற்சியில் புள்ளி ஏறவில்லை. முன்பு டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டுச் சுட்டபோது வந்ததைவிடக் கொஞ்சம் குறைந்தது. அவர் தராசைச் சந்தேகப்பட்டார். தராசைத் துடைத்தார், மட்டம் பார்த்தார், எல்லாக் குண்டுகளையும் முதலிலிருந்து நிறுத்தார். இன்னும் குறைந்தது. பிறகு தன் மூச்சைச் சந்தேகப்பட்டார், டீயை விட்டார். என்னிடம், "ஏலே அன்பு, நான் சுடுறப்ப தோள் ஆடுதா? உள்ளதைச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆடவில்லை. ஆடவில்லை என்றால் அவருக்கு இன்னும் பதற்றம். மூன்றாம் முறையும் நிறுத்தார்.

போட்டி அன்று மதுரைக்கு நானும் போனேன். அதே கிளப்பின் ஏஞ்சலின் காலையிலேயே பெண்கள் பிரிவில் சுட்டு முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மொத்தம் அறுபது குண்டு, பத்துப் பத்தாக. இனிகோ அண்ணனின் முதல் பத்து இலக்கு அட்டையில் நாலா பக்கமும் சிதறியது. அவர் நடுவரிடம் அனுமதி கேட்டு, கண்ணாடித் தட்டோடு பின்னால் வந்தார். 

ஏஞ்சலின் தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அண்ணே, இதெல்லாம் எதால எடுத்தீங்க?"

"இடுக்கியால. கை படக்கூடாதுல்ல?"

"நல்லா எடுத்தீங்க, போங்க! ஓரம் பூரா நசுங்கியிருக்கு. இந்தா பாருங்க, ரெண்டு பக்கமும் கிள்ளுன மாதிரி."

நான் குனிந்து பார்த்தேன். மெல்லிய விளிம்பில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளங்கள். எடை துளியும் மாறவில்லை, வட்டம் கெட்டிருந்தது; வட்டம் கெட்ட குண்டு நேராகப் போகாது. மறுபடி மறுபடி நிறுத்ததில் ஒவ்வொரு குண்டும் மறுபடி மறுபடி இடுக்கியில் மாட்டியிருக்கிறது. இத்தனை நாள் பக்கத்தில் நின்ற எனக்கும் அது தோன்றவில்லை. விரலால் எடுத்திருந்தால் நானே, "அண்ணே, கை படுது" என்று தடுத்திருப்பேன்.

"என் டப்பாவை வச்சுக்கங்க," என்றாள் ஏஞ்சலின். "ஒரே கம்பெனிதான். நிறுத்துப் பாக்கல, பரவாயில்லையா?"

அந்த நிலையிலும் அவர் சிரித்துவிட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு சுடும் கோட்டுக்குத் திரும்பினார்.

மீதி ஐம்பதும் ஒழுங்காக விழுந்தன. கடைசிப் பத்துப் போல அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் பத்து ஏற்கெனவே புள்ளிக் கணக்கில் ஏறிவிட்டது. தகுதிப் புள்ளிக்கு மூன்று குறைந்தது.

வெளியே கிதர் முகம்மது டீ வாங்கிக் கொடுத்தார். கேலி பேசவில்லை. "அந்த மொதப் பத்து மட்டும் இல்லேன்னா நீ போயிருப்ப, தம்பி" என்றார்.

"இருக்கே பாய்" என்றார் இனிகோ அண்ணன்.

திண்டுக்கல் பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி என் தலைக்கு மேல் நின்றார். வாடிப்பட்டி தாண்டியது. பிறகு கேட்டார்:

"நாளைக்குச் சாயங்காலம் கிளப்புக்கு வாரியா?"

"நாளைக்கேவா? இனிமே எதுக்குண்ணே?" கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று உறைத்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. 

"வேலை போச்சு, அது தெரியும்டா. ஆனா உருப்படியான குண்டைப் போட்டு அறுபதையும் நான் சுடவே இல்ல. அம்பதுதான் சுட்டிருக்கேன். எனக்கு எம்புட்டு வரும்னு எனக்கே தெரியலையே?"

என்னால் எவ்வளவு முடியும் என்பது எனக்கும் தெரியாது. "வாரேண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பஸ் ஊருக்குள் நுழையும் முன்பே படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.